ரசிகனின் வயிற்றெரிச்சல்

இளையராஜாவின் மேல் எனக்கு ஒருநாளும் பொறாமை ஏற்பட்டதில்லை. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு வந்து, 1976-ல் 'அன்னக்கிளி' என்ற ஒரே படத்தின் மூலமாகக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளையெல்லாம் தம் வசப்படுத்திக்கொண்டுவிட்ட மனிதரோடு போட்டியிடுவதற்கு, ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டை எது, வெள்ளைக் கட்டை எது என்பதற்குமேல் சங்கீத ஞானம் இல்லாத நான் யார்? என்னுடைய அசூயை முழுவதும், அவருடைய பாட்டை எனக்கு முன்பாகவோ என்னைவிட வசதியாகவோ கேட்டுவிட்ட சக ரசிகர்கள் மீதே, அதிலும் விசேஷமாக என் பால்ய சிநேகிதர் ஒருவர் மீதே, நாற்பது வருஷ காலமாகச் சிந்தாமல் சிதறாமல் செலுத்தப்பட்டு வந்திருக்கிறது.

எங்கள் யௌவனத்தில் பாட்டுக் கேட்பது அத்தனை சுலபமான காரியமல்ல. பிடித்த பாட்டுகளை ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, நாலு நாள் நடையாய் நடந்து, கடைசியில் 60 நிமிஷ கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு வந்தால், ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் கத்தரித்தாற்போல் நின்றுபோயிருக்கும். அந்தப் பாட்டை இன்று எங்கே கேட்டாலும், அந்த இடம் வந்ததும், கேசட்டைத் திருப்பிப் போடுவதற்காக என் வலது கை தன்னையறியாமல் எழுந்துவிடுகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் இவ்வாறு எழுந்த கை, பக்கத்து இலைக்காரரின் பாயசத்தைக் கவிழ்த்த விருத்தாந்தம் எங்கள் பந்துக்களிடையே பிரசித்தம். என் சிநேகிதருக்கோ சிங்கப்பூரில் ஒரு மாமா. ஆகையால் அவரிடம் 90 நிமிஷ டி.டி.கே. கேசட்டுகள், ஆகையால் அவருடைய பாட்டுகளுக்கெல்லாம் இரண்டாவது சரணம் உண்டு.

1986-ல், தியாகராஜருக்கும் மேல்நாட்டு இசைமேதை பாக்குக்கும் சேர்த்தே சமர்ப்பணமாக ராஜா 'ஹவ் டு நேம் இட்?' வெளியிட்டபோது, ஊரில் அதை முதலில் வாங்கியவரும் அவரே. இரவல் கேட்டேன். "நாடா தேஞ்சுடும்டா" என்றார். சொந்த நாடாவை வாங்குவதற்குள் எனக்கு இரண்டு சம்பளத் தேதிகள் கழிந்தன.

பிற்பாடு காலம் மாறியது. 'ரோஜா' படத்துப் பாட்டுகள் வந்ததும், 1992-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் செவியே இல்லை என்று நான் தீர்ப்பளித்துவிட்டு அதே பாட்டுகளைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதும் வேறு கதை. இப்போது எனக்கு வயது அறுபது. உலகத்துப் பாட்டெல்லாம் பால்காரப் பையனின் கைப்பேசியிலும் இருக்கிறது. பிறரிடம் இல்லாத நாடா எவரிடமும் இல்லை. ஆகவே, முழங்காலோடு சேர்ந்து என் அசூயையும் தளர்ந்துவிட்டது என்றே நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி 2025 மார்ச் 8-ஆம் தேதி குலைந்தது. 81 வயதில் அந்த மகானுபாவர் தம்முடைய 'வேலியன்ட்' சிம்ஃபனியை லண்டனில் அரங்கேற்றிக்கொண்டிருந்த சமயத்தில், நான் மயிலாடுதுறையில் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதரோ, மகன் அங்கே உத்தியோகத்திலிருக்கிற ஒரே காரணத்தால், அந்த அரங்கத்திலேயே கம்பளிக் கோட்டு சகிதமாக வீற்றிருந்தார். கோட்டின் புகைப்படம் உடனே வந்து சேர்ந்தது. அன்றிரவு நான் ஆகாரம் கொள்ளவில்லை. அஜீரணம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

திரும்பி வந்தவர் ஒரு சாக்லேட் டப்பாவுடன் என்னைப் பார்க்க வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, புன்னகை போன்ற ஒன்றை முகத்தில் வரவழைத்து, "எப்படிடா இருந்தது?" என்றேன். அவர் நீண்ட பெருமூச்சு விட்டார்.

"அதை ஏன்டா கேக்கற? எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி நம்ம பக்கத்து ஆள் ஒருத்தன் உக்காந்திருந்தான். வயலின்காரங்க வில்லைத் தொட்டுடலாம்போல அவ்வளவு கிட்ட! அவனுக்கு மட்டும் எப்படிடா அந்த சீட்டு கிடைச்சுது?"

அந்த மனிதரின் வழுக்கை, அவருடைய சால்வை, அவர் தாளம் போட்ட லட்சணம் ஆகியவற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாரே தவிர, சிம்ஃபனியைப் பற்றி ஒரு வார்த்தையும் பிரஸ்தாபிக்கவில்லை. அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகையில், பெயர் தெரியாத அந்த முன்வரிசைக்காரரின் க்ஷேமத்துக்காகப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டேன். குனிந்து நிமிரும்போது முழங்கால் அவ்வளவாக வலிக்கவில்லை.