குளித்துவிட்டுப் படி!

கேள்வி: அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி வள்ளலா, சுரண்டல்காரரா?

பதில்: நூலக வாசலில் நின்று கேட்டால் வள்ளல். ஆலை வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது!

உலகெங்கும் 2,500-க்கு மேல் நூலகங்கள் கட்டக் கொடுத்தவர் அவர். (கட்டடம் மட்டும்தான். நிலமும் வருடாந்திரச் செலவும் ஊரார் தலையில்.) பென்சில்வேனியாவின் பிராடக் ஊரில் 1889-ல் திறந்த நூலகத்தின் கீழ்த்தளத்தில் குளியலறைகூட இருந்தது. ஆலையிலிருந்து வருகிறவன் கரிக்கையோடு புத்தகத்தைத் தொடக்கூடாதல்லவா? நல்ல ஏற்பாடுதான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உலையருகே வெந்தவன் குளித்ததும் புத்தகத்தையா தேடுவான், பாயையா?

1892-ல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் மல்லுக்கு நின்றார்கள். மேலாளர் ஃப்ரிக் கதவைப் பூட்டி, பிங்கர்ட்டன் நிறுவனத்தின் 300 கூலிக் காவலர்களைப் படகில் இறக்கினார். இரு தரப்பிலும் உயிர்கள் போயின, சங்கம் நொறுங்கியது. கார்னகி? ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். தொழிற்சங்க உரிமையை ஆதரித்துக் கட்டுரை எழுதிய அதே மனிதர்! ஆறே வருடத்தில் ஹோம்ஸ்டெட்டுக்கும் ஒரு நூலகம் வந்தது.

1901-ல் கம்பெனியை ஜே.பி. மார்கனுக்கு 48 கோடி டாலருக்கு விற்று, மீதி வாழ்நாளில் வாரி வழங்கினார். 1919-ல் அவர் கண்மூடியபோதும் அந்த ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 1923-ல்தான் அதைக் கைவிட்டார்கள், அதுவும் ஜனாதிபதி ஹார்டிங் நெருக்கிய பிறகு.