மஞ்சள் வண்டியும் மண் ஓரமும்

மே மாதக் கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு மைதானம் முழுக்க மஞ்சள் பூத்துவிடும். பள்ளிப் பேருந்து ஆய்வு. அதிகாரி அவசர வழிக் கதவைத் திறப்பார், முதலுதவிப் பெட்டியில் நேற்று வாங்கிய பஞ்சை முகர்வார், தரையைக் காலால் தட்டிப் பார்ப்பார். தட்டக் காரணம் உண்டு. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே பேருந்துத் தரை ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் தனி விதிகளே வந்தன.

சரி, நடந்து போகிற பிள்ளைக்கு? தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள், நடுநிலைப் பள்ளி 3 கி.மீ.க்குள் இருக்கவேண்டும் என்கின்றன தமிழகக் கல்வி உரிமை விதிகள். அளவு கச்சிதம். அந்த ஒரு கிலோமீட்டருக்குக் குறுக்கே சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலை கிடந்தால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்ளலாம், செயல்வழிக் கற்றல்தானே! இந்தச் சாலையில் லாரியேறிப் போகும் முட்டைக்குக்கூட அட்டைத் தட்டு உண்டு. பிள்ளைக்கு ஓரத்து மண்தான்.

நடுத்தடுப்பின் அரளிச் செடிகளுக்கு இடையே புத்தகப்பை அகலத்துக்கு ஒரு சந்து விழுந்திருக்கிறது. எந்தப் பொறியாளரும் போட்டதல்ல. லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, “பாத்துப் போ கண்ணு” என்று கையசைப்பார். பிள்ளை ஓடும். ஒரு செருப்பு மட்டும் நடுச்சாலையில் நின்றுவிடும். எடுக்கத் திரும்பும்போது பின்னால் ஹாரன். மஞ்சள் வண்டிதான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு.