சைடு ஸ்டாண்டு அருளியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஈகை பற்றித் தமிழறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று நடுரோட்டில் எழும் கூவலுக்கு ஓர் அடிக்குறிப்பு கூட இல்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

ஒருவர் சைடு ஸ்டாண்டை மடக்க மறந்து வண்டியைக் கிளப்புகிறார். நேரே போகும்வரை ஒன்றுமில்லை. இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போதுதான் அது தார் ரோட்டில் ஊன்றி ஆளைத் தூக்கியடிக்கும். முன்பின் தெரியாத ஒருவர் துரத்தி வந்து இதைச் சொல்லிவிட்டு மறைவதே 'ஸ்டாண்டருள்' எனப்படும்.

இதன் தலையாய இலக்கணம், குரலில் துளியும் கனிவு தெரியாமை. சிக்னலில் "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று நம் குடும்ப நலம் விசாரித்த அதே ஆட்டோக்காரர்தான், அடுத்த திருப்பத்தில் "யோவ், ஸ்டாண்ட எடுய்யா!" என்கிறார். முன்னதும் அக்கறையே என்று வாதிடுவோர் உளர், எனக்கு உடன்பாடில்லை. இந்த அருள் சிதறும் தன்மையும் உடையது. ஒருவருக்குச் சொன்னதற்கு நாலு பேர் குனிந்து தத்தம் காலடியைப் பார்த்துக்கொள்வர். நன்றி சொல்ல நிமிர்ந்தால், சொன்னவர் பஸ்ஸை முந்திப் போயிருப்பார்.

வாகனம் சார்ந்த அருளுக்கு முன்னோடி, முல்லைக்குத் தேர் ஈந்த பாரி. அவனுக்குத் தேர் போயிற்று. நம்மவருக்குக் கொஞ்சம் தொண்டைத் தண்ணீர்தான் செலவு. பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான். "அக்கா, துப்பட்டா!" என்று கத்துபவரோ போர்வையைச் சக்கரத்திடமிருந்து மீட்டு உரியவரிடமே சேர்க்கிறார். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி. மிச்சப் பாதியைக் கூவுவோர் கவனித்துக்கொள்கின்றனர்.

ஆய்வாளரைத் திணறடிப்பது 'விளக்கருள்'. பட்டப்பகலில் எதிரே வருபவரின் ஹெட்லைட் எரிந்தால், ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிப்பது நெடுநாள் மரபு. 2017 ஏப்ரல் முதல், புதிய இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானே எரிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அணைக்க சுவிட்சே கிடையாது. ஆனாலும் டிவிஎஸ் 50இல் வரும் பெரியவர் விரலை விரிக்கத்தான் செய்கிறார். சட்டம் மாறியதை அவரிடம் விளக்க வழியில்லை, ஆளுக்கொரு திசை. ஆகவே பெறுபவர் தலையை ஆட்டுகிறார். சிலர் ஒருபடி மேலே போய், சுவிட்ச் இல்லாத இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தியும் காட்டுகின்றனர்.

இவ்விருவரில் அருளியவர் யார் என்பதில் எனக்கும் என் ஆய்வு நெறியாளருக்கும் தீராத மனத்தாங்கல். கட்டைவிரல்காரரே என்பது என் துணிபு. நெறியாளர் ஒப்பமாட்டார், அவருடையது பழைய வண்டி, போகும் வழியெல்லாம் விரலை விரித்துக்கொண்டே போகிறவர்.