நிறுவியைப் பிரித்தெடுத்தல்: ஏஜென்டுக்கு எழுதும் ஆவணம் குறித்துச் சில கேள்விகள்

கேள்வி: கிளஸ்டரை நிறுவும் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் போதாதா? அதைப் பிரித்தெடுக்கத் தனிக் கருவி எதற்கு?

பதில்: பல கணினிகளைப் பிணைத்து ஒரே அமைப்பாக இயங்கச் செய்வதே கிளஸ்டர், குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு அதை நடத்தும் தளங்களுள் ஒன்று ரெட் ஹாட் நிறுவனத்தின் ஓப்பன்ஷிஃப்ட். 2019இல் வெளிவந்த அதன் நான்காம் தலைமுறை முதல், ஒவ்வொரு பதிப்புக்கும் 'ரிலீஸ் இமேஜ்' என்னும் பொதி ஒன்று உண்டு. அப்பதிப்பின் கூறுகள் எவை என்ற பட்டியல் அதில் அடங்கியிருப்பதால், நிறுவும் மென்பொருளாகிய நிறுவியையும் அதன் வழியாகவே பிரித்தெடுக்கலாம், அவ்வாறு எடுத்த நிறுவி அதே பதிப்பையே நிறுவும். இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட வளாகங்களில் இமேஜ்கள் எனப்படும் இத்தகைய பொதிகள் உள்ளூர்க் கிடங்கு ஒன்றில் நகலெடுத்து வைக்கப்படுகின்றன. நிறுவியும் அந்த நகலிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்று ரெட் ஹாட்டின் வழிகாட்டி வலியுறுத்துவது சரியே, ஏனெனில் வேறு பதிப்பின் நிறுவி அக்கிடங்கில் இல்லாத இமேஜைத் தேடி நின்றுபோகும்.

கேள்வி: பிரித்தெடுக்கும் கட்டளை ஒரே வரிதானே? எழுதிக் கொடுத்தால் ஏஐ ஏஜென்ட் இயக்கிவிடாதா?

பதில்: இயக்கிவிடும், கவலைப்பட வேண்டியதும் அதற்காகத்தான். ஏஜென்ட் என்பது கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாமல், கோப்புகளைத் திறந்து, கட்டளைகளைத் தானே இயக்கி, கிடைத்த விளைவைப் பார்த்து அடுத்த அடியை முடிவு செய்யும் நிரல். 'ஓசி அட்ம் ரிலீஸ் எக்ஸ்ட்ராக்ட்' என்ற கட்டளைக்கு எந்த இமேஜ், எந்த இயங்குதளம், கிடங்கை அணுக எந்த அனுமதிக் கோப்பு என்ற மூன்றும் தேவைப்படும்போது, புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பக்கத்து மேசையில் கேட்டறிவார். ஏஜென்ட் பெரும்பாலும் ஊகித்துவிடும். ஆகவே ஏஜென்டுக்கு எழுதும் ஆவணத்தில் இமேஜைப் பதிப்புப் பெயரால் குறிக்காமல், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 எண்ணால் குறிப்பதே முறை. பெயரை நாளை வேறொரு இமேஜுக்கு மாற்றிவிட முடியும், அந்த எண்ணை அவ்வாறு மாற்ற முடியாது. அனுமதிக் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் அதே வரியிலேயே, அதன் உள்ளடக்கத்தைத் திரையிலோ பதிவேட்டிலோ காட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடுத்த நிறுவியிடம் பதிப்பைக் கேட்டால் அது தன் ரிலீஸ் இமேஜின் முகவரியையும் சேர்த்தே சொல்லும் என்பதால், அந்த முகவரி எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகாதபோது மேலே செல்லாமல் நின்று மனிதரிடம் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் ஆவணத்தில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: இவற்றையெல்லாம் எங்கே எழுதுவது?

பதில்: நிரல் களஞ்சியத்தின் தலைவாசலில், 'ஏஜென்ட்ஸ்.எம்டி' என்ற எளிய உரைக்கோப்பில் எழுதும் வழக்கம் 2025இல் பரவியது. அது சுருக்கமாக இருப்பதே நல்லது.

கேள்வி: நிறுவி கைக்கு வந்ததும் ஆவணத்தின் கடமை முடிந்துவிடுகிறதா?

பதில்: இல்லை, பெரிய இழப்புகள் அதற்குப் பிறகே நேர்கின்றன. 'இன்ஸ்டால்-கான்ஃபிக்' என்ற அமைப்புக் கோப்பை நிறுவி படித்து முடித்ததும் நீக்கிவிடுகிறது; முன்கூட்டியே நகலெடுக்காத ஏஜென்ட், கோப்பு தொலைந்ததாகக் கருதித் தன் ஊகப்படி புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கக்கூடும். கணினிகளை முதன்முதலாக இயக்கும் இக்னிஷன் கோப்புகளில் 24 மணி நேரத்தில் காலாவதியாகும் சான்றிதழ்கள் உள்ளன. நேற்று உருவாக்கியவற்றை இன்று எடுத்தாளக் கூடாது என்பது எழுதப்பட்டாலன்றி ஏஜென்டுக்குத் தெரிய வழியில்லை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 'மெட்டாடேட்டா.ஜேசன்'. கிளஸ்டரைப் பின்னாளில் அழிக்கும்போது, மேகக்கணியில் எவையெல்லாம் அதற்கு உரியவை என்பதை நிறுவி இக்கோப்பைக் கொண்டே அடையாளம் காண்கிறது. வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்வதை நல்ல பழக்கமாகக் கொண்ட ஏஜென்ட் இதையும் தற்காலிகக் கோப்பென எண்ணி நீக்கிவிட்டால், கிளஸ்டரை அதே நிறுவியால் அழிக்க முடியாமல் போகும், வாடகையோ ஏறிக்கொண்டே இருக்கும். நிறுவல் அடைவில் எதையும் நீக்கக் கூடாது, கிளஸ்டரை அழிக்கும் கட்டளையை மனித ஒப்புதலின்றி இயக்கக் கூடாது என்னும் இரண்டு வாக்கியங்கள் இல்லாத ஆவணத்தை ஏஜென்டிடம் ஒப்படைப்பது பொறுப்பற்ற செயல்.

கேள்வி: ஆவணம் சரியாக அமைந்ததா என்பதை எப்படி அறிவது?

பதில்: வெற்று அடைவு ஒன்றில், வேறு குறிப்பு எதுவும் தராமல், அந்த ஆவணத்தை மட்டும் ஏஜென்டிடம் கொடுத்துப் பிரித்தெடுக்கச் சொல்ல வேண்டும், அது ஊகித்த ஒவ்வோர் இடத்திலும் ஆவணத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கருவியைப் பராமரிப்போர் இச்சோதனையை ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் நடத்தட்டும். கட்டளையின் ஒரு சொல் மாறினாலும், அந்த மாற்றத்தோடு சேர்த்தே ஆவணத்தையும் திருத்தட்டும்.