திண்ணை எங்கே போனது?

கேள்வி: அந்தக் காலத்துப் பெரியவர்கள் திண்ணையில் கூடிப் பொழுதைக் கழித்தார்கள். இன்றைய தாத்தா, பாட்டிகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்களே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: திண்ணையை இடித்து அங்கே காரை உட்கார வைத்தது நாம்தானே, அவர்கள் எங்கே உட்காருவார்கள்?

என் பாட்டி தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்து வைத்திருப்பார். நாலு கொட்டை, சாக்பீஸில் கட்டம், எதிரில் பக்கத்து வீட்டு அத்தை. காய் வெட்டுப்பட்டால் தெருக்கோடி வரை கேட்கும்! 1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ போட்டால், டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு இருக்கும். பொழுதுபோக்குதான் மாறியது, கூட்டம் கலையவில்லை. 1993-ல் சன் டிவி வந்தது. வீட்டுக்கு வீடு பெட்டியும் வந்தது, அவரவர் கதவு சாத்திக்கொண்டது.

இப்போது என் அம்மா போனில் தாயம் ஆடுகிறார். எதிராளி எந்த ஊரோ, யாரோ. காயை வெட்டினால் திட்டக்கூட ஆளில்லை. வலிப்பது அதுதான்.

போனைப் பிடுங்காதீர்கள். நாலு புளியங்கொட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்காருங்கள். தாயம் விழும்வரை எழுந்திருக்கவே கூடாது!