மிசிசிப்பி கண்டுபிடித்த மஞ்சள்

புண்ணில் மஞ்சள் தூளை வைத்தால் ஆறும். இந்த மகத்தான உண்மை உலகுக்குத் தெரிந்த நாள் 1995 மார்ச் 28. அன்றுதான் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 5,401,504 என்ற எண்ணில் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. பூசினாலும் சரி, உள்ளுக்குக் கொடுத்தாலும் சரி, புண் ஆறுமாம். அதுவரை செட்டிநாட்டுக் கோவிலூர் ஆச்சிமார் முழங்கால் சிராய்த்த பேரனுக்கு எதைத் தடவிக்கொண்டிருந்தார்களோ!

ஒரு துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா என்று காப்புரிமைச் சட்டம் கேட்கும். தோன்றும் என்றால் காப்புரிமை இல்லை. நியாயமான கேள்வி. ஆனால் அம்மியில் மஞ்சள் அரைத்தவர் அந்தத் தேர்ச்சியாளர் ஆகமாட்டார். வெளிநாட்டில் ஒரு வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தாலும், அச்சில் ஏறாவிட்டால் அமெரிக்கச் சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. 2013 வரை அதுதான் நிலை. அதே வழக்கம் அமெரிக்க மண்ணில் நடந்திருந்தால் அச்சு தேவையில்லை. ஆக, குற்றம் செட்டிநாட்டார் மேல்தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள், மிசிசிப்பிக் கரையிலும் ஒரு கிட்டங்கி போட்டு, அங்கே ஆச்சியை ஒருமுறை மஞ்சள் பூசச் சொல்லியிருக்க வேண்டாமா?

வேதாந்தம் பயிற்றும் கோவிலூர் மடத்தில் என்றும் இருப்பது எது, இடையில் தோன்றியது எது என்று விசாரிப்பார்கள். அங்கே படித்த ஒருவரைக் காப்புரிமைப் பரிசோதகராக உட்காரவைத்திருந்தால் அன்று மதியமே கோப்பை மூடியிருப்பார்.

பக்கத்துக் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் நிற்கிறதே சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம், அதன் தாய் நிறுவனமான அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம்தான் 1996இல் இந்தக் காப்புரிமையை எதிர்த்துப் போனது. 32 சான்றுகள், நூறாண்டு தாண்டிய நூல்கள், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை. 1997இல் மிசிசிப்பியின் உரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. இனிப்பு வழங்கினோம்! திருடனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் பத்திரம் கேட்டிருக்கிறார்கள்; நம் செலவில் பத்திரம் காட்டியதற்கா கொண்டாட்டம்?

வழக்கும் ஓயாது. மஞ்சளோடு இன்னொரு பொடியைச் சேர், இத்தனை சதவீதம் என்று குறி, 'எதிர்பாராத விளைவு' என்று ஒரு வரி போடு. முகப்பூச்சு விண்ணப்பம் தயார். மரபறிவுக்கும் வெறும் கலவைக்கும் காப்புரிமை கிடையாது என்று நம் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரி அதைத் தாண்டத்தான்.

இப்படிப்பட்ட காப்புரிமைகளைத் தடுப்பதற்காக 2001இல் மரபறிவு மின்நூலகம் தொடங்கினார்கள். சித்த மருத்துவமும் அதில் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் என ஐந்து மொழிகளில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இல்லை. முனிச்சில் இருக்கும் பரிசோதகர் சித்தர் மருந்தை ஜெர்மனில் படிக்கலாம். பல ஆண்டுகள் அந்தக் கதவு காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்தது. கோவிலூர் ஆச்சி போய்த் தட்டியிருந்தால், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டிருப்பார்கள்.