வாமி பார் செய்த வம்பு

வீணைக்காரருக்குக் கமகம் வேண்டுமென்றால் விரலால் தந்தியை இழுப்பார், வேலை முடிந்தது. அமெரிக்காவில் ஹவாயன் கிட்டார் மோகம் தலைக்கேறியிருந்த காலத்தில் சாதாக் கிட்டார்காரர்களுக்கும் சுரம் அப்படிக் குழைய வேண்டுமென்று ஆசை வந்தது. ஆனால் விரல் நோகக் கூடாது. டாக் காஃப்மன் என்பவர் கிட்டாரின் வாலில் ஒரு கைப்பிடியை (பின்னாளில் இதன் வம்சத்துக்குத்தான் வாமி பார் என்று பெயர்) மாட்டி, 'வைப்ரோலா' என்று பெயரிட்டு, 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிடியை ஆட்டினால் சுரம் குழையும். ஆட்டி முடித்தபின் பார்த்தால் ஆறு தந்தியும் ஆறு ஊருக்குப் பஸ் ஏறியிருக்கும்.

இந்த யோசனையை ரிக்கன்பேக்கர் கம்பெனி 1937-இல் இன்னும் முற்றவிட்டது. கிட்டார் வயிற்றுக்குள் மோட்டாரையே வைத்து, கைக்குப் பதில் மின்சாரத்தை ஆட்டச் சொன்னது. கனம் தாங்காமல் அந்தக் கிட்டாரை நிறுத்த ஒரு ஸ்டாண்டும் தேவைப்பட்டது.

அடுத்து வந்தவர் பால் பிக்ஸ்பி, மோட்டார்சைக்கிள் ஆசாமி. பாடகர் மெர்ல் டிராவிஸ் தன் வைப்ரோலா சுருதியைக் கொல்கிறது என்று ரிப்பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நம்ம ஊர் மெக்கானிக் என்ன சொல்வாரோ அதே முடிவுக்குத்தான் பிக்ஸ்பியும் வந்தார்: இது தேறாது, புதுசாகவே பண்ணிவிடலாம். பண்ணினார். மெதுவாக ஆட்டுகிறவரை அந்த பிக்ஸ்பி பிடி சாது.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. சுடுதண்ணி வைக்கத் தெரியாதவர் அடுப்பு செய்த கதை. ஆனால் அடுப்பு பிரமாதம். தந்திகள் மாட்டிய பிரிட்ஜை ஆறு ஸ்க்ரூவில் கதவுபோல் ஆடவிட்டு, முதுகுப் பக்கம் ஐந்து ஸ்பிரிங் மாட்டினார். தந்திகள் இந்தப் பக்கம் இழுக்கும், ஸ்பிரிங்குகள் அந்தப் பக்கம் இழுக்கும். இன்றைய மெல்லிய தந்திகளிலேயே அது சுமார் 45 கிலோ இழுவை.

பெயர் வைத்ததில்தான் சொதப்பல். சுரம் ஏறி இறங்கினால் வைப்ரேட்டோ. ஒலியளவு கூடிக் குறைந்தால் ட்ரெமலோ. லியோ கிட்டாரில் இருந்த வைப்ரேட்டோவை ட்ரெமலோ என்றார், ஆம்ப்பில் இருந்த ட்ரெமலோவை வைப்ரேட்டோ என்றார். 1956-இல் கிடைத்த காப்புரிமைப் பத்திரத்திலேயே தப்புப் பெயர்தான். திருத்தப் போனவர்கள் களைத்துத் திரும்பிவிட்டார்கள்.

லியோ மனசில் இருந்தது நாசூக்கான அசைவு. கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோ அந்தப் பிடியை அடிபம்பு அடிப்பதுபோல் அடித்தார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அமெரிக்க தேசியகீதத்துக்கு நடுவே குண்டுவீச்சையே அதில் வரவழைத்தார். அதற்கு விலை, பாட்டுக்குப் பாட்டு பிருடையைத் திருகுவது.

சுருதி கலைவதற்கு எல்லோரும் வால் பக்கத்தையே சந்தேகப்பட்டார்கள். தெருவில் திருட்டு நடந்தால் புதுசாகக் குடிவந்தவன்மேல்தானே பழி! ஆனால் பாதிப் பாவம் தலைப் பக்கம், தந்திகள் பள்ளத்தில் உட்காரும் குட்டிக் கட்டையான நட்டில் இருந்தது. பிடியை அமுக்கினால் தந்தி தொய்யும். நட்டுக்கும் பிருடைக்கும் நடுவே உள்ள துண்டு இன்னும் விறைப்பாக இருப்பதால், கொஞ்சம் தந்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிடியை விட்டதும் அது திரும்பி வரவேண்டும். நட்டின் பள்ளம் இறுக்கமாக இருந்தால் வராது; மயிரிழை அளவு அங்கேயே தங்கிவிடும், சுருதி ஏறி நிற்கும். பிருடையைத் திருகும்போது நட்டில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதுதான் ஒப்புதல் வாக்குமூலம். பிருடையில் ஏழெட்டுச் சுற்று தந்தியைச் சுற்றி வைத்திருந்தால் அந்தச் சுருளும் தன் பங்குக்கு நெகிழும்.

எடி வான் ஹேலன் இதைச் சமையலறையில் சமாளித்தார். புதுத் தந்திகளைக் கொதிநீரில் போட்டார், நட்டில் எண்ணெய் விட்டார். தந்தி நீளவேண்டியதெல்லாம் மேடை ஏறுமுன்னே நீண்டுவிடட்டும், பள்ளத்தில் வழுக்கட்டும் என்பது கணக்கு. எரிக் கிளாப்டன் இன்னும் சுருக்கம்: பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் செருகி ஆட்டத்தையே ஒழித்தார். (எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் இது.)

ஃப்ளாய்ட் ரோஸ் ஹெண்ட்ரிக்ஸ் ரசிகர், நகை செய்யும் கருவிகள் கைக்குப் பழகியவர். தந்தி வழுக்கி வந்தால்தானே தகராறு, நகரவே விடாதே என்றார். நட்டில் ஒரு பூட்டு, பிரிட்ஜில் ஒரு பூட்டு. 1979-இல் காப்புரிமை. தந்தி துணிக்கொடிபோல் தொங்கும்வரை அமுக்கிவிட்டு விட்டால், பழைய சுருதிக்கே வந்து நிற்கிறது. 1980களின் ராக் கிட்டார்காரர்கள் இதைக் கொண்டு செய்த அட்டகாசம் தனிக்கதை.

பூட்டிய பிறகு பிருடை வெறும் அலங்காரம். அதனால் பிரிட்ஜிலேயே குட்டித் திருகாணிகள் வந்தன. பூட்டைத் திறக்க ஆலன் கீ வந்தது. தேவைப்படும் அன்று அது காணாமல் போவது நியதி. ஒரு தந்தி அறுந்தால் ஸ்பிரிங் ஜெயித்து மீதி ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். ஒன்றை முறுக்கினால் மற்றவை இறங்கும். கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டியவர்களுக்கு இந்த வேதனை புரியும்: இந்த முனையை இறுக்கினால் அந்த முனை தொங்கும்.

என் கதைக்கு வருகிறேன். பூட்டெல்லாம் இல்லாத சாதா ட்ரெமலோ. சுருதி நிற்கவில்லை என்று ஸ்பிரிங் மாற்றினேன், பிருடை மாற்றினேன், பிரிட்ஜையும் மாற்றினேன். கிட்டாரின் விலையை உதிரிபாகங்கள் தாண்டிய மாதத்தில், வேறொரு கிட்டாரைப் பார்க்க வீட்டுக்கு வந்த ரிப்பேர்காரர் என்னுடையதன் பிருடையை இரண்டு முறை திருகிக் கேட்டார். 'டிங்.' பாப்பாவின் பென்சில் இருக்கிறதா என்றார். தந்தியைத் தூக்கி, நட்டின் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்தார். பிடியை அமுக்கி விட்டார். சுருதி நின்றது.

"சார், எவ்வளவு தரணும்?"

"பென்சிலைச் சீவிக் குடுத்துடுங்க, பாப்பா அழுவுது."